பத்தொன்பது குவளைத் தண்ணீர்

எங்கள் ஊர் விருந்துகளில் பக்கீசியோவுக்கு எதிரே உள்ள நாற்காலி கடைசி வரை காலியாகவே கிடக்கும். அடுத்தவர் தட்டை எண்ணுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இவன் அடுத்தவர் தண்ணீரை எண்ணுவான். ஒரு கல்யாணத்தில் போபோரே மாமா உப்பு தூக்கலான பன்றிக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு ஐந்தாவது குவளையைக் கையில் எடுத்தார். எதிரிலிருந்து பக்கீசியோ மெல்லக் கேட்டான்.

"மாமா, ஒடம்பு எதுவும் எளைச்சிருக்கா?"

"எளைக்கலடா. ஒன் மூஞ்சியப் பாத்ததுல நாக்குதான் வறண்டுபோச்சு."

பந்தி முழுக்கச் சிரித்தது. பக்கீசியோவும் சிரித்தான். ஆனால் ஆறாவது குவளையையும் எண்ணிவிட்டுத்தான் எழுந்தான்.

எங்கள் ஊர் ஒர்தாலே, இத்தாலியின் சார்டினியாத் தீவின் நடு மலையில் இருக்கிறது. மனிதர்களைவிடச் செம்மறிகள் ஏழு மடங்கு. புத்தியிலும் அதே கணக்குதான். இங்கே அடிக்கிற காற்றில் ஒரு வருடம் போபோரே மாமாவின் தொப்பி பறந்துபோனது. மூன்று வருடம் கழித்து, உள்ளே ஒரு குருவிக் குடும்பத்தோடு திரும்பி வந்து அதே தலையில் உட்கார்ந்தது. நம்பாதவர்கள் வந்து தொப்பியைப் பார்க்கலாம். குருவிகள்தான் இப்போது இல்லை.

பக்கீசியோ பற்றி நான் சொல்லப்போவதில் மட்டும் ஒரு குருவியைக்கூட நான் சேர்க்கவில்லை.

அவனுக்கு நூற்று முப்பது ஆடுகள், நான்கு நாய்கள், எண்ணுவதற்கு ஒரு பழக்கப்பட்ட கண். மேய்ப்பன் எண்ணாமல் இருக்க முடியாது. காலையில் பட்டியைத் திறக்கும்போது ஒரு தடவை, மாலையில் அடைக்கும்போது ஒரு தடவை. ஆனால் அவன் முதலில் எண்ணக் கற்றது ஆட்டை அல்ல, தங்கையை.

அன்னிக்காவுக்கு அப்போது ஏழு வயது, அவனுக்குப் பதினொன்று. அந்தக் கோடையில் அவள் தண்ணீராகக் குடித்தாள். ஊருக்கு மேலே மூன்று வாய் ஊற்று இருக்கிறது. மலைப்பாறையில் செதுக்கிய மூன்று குழாய்கள். அவள் நடுக்குழாயில் வாயை வைத்தால் எடுக்க மாட்டாள். பக்கீசியோவுக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஊற்றுக்குப் போனான்.

"எந் தங்கச்சி பதினஞ்சு குவளை குடிப்பா. பந்தயமா?"

"கழுதகூட அவ்வளவு குடிக்காதுடா."

"கழுதயோட இவள ஏன்டா சேக்கற? இவ அன்னிக்கா."

அவள் குடித்தாள். பதினைந்தில் நிற்கவில்லை. "இன்னும் ஒண்ணு ஊத்துண்ணே" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பத்தொன்பதில் நிறுத்தினாள். அவன் பன்னிரண்டு கோலிகள் ஜெயித்தான். தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தான். "ஒண்ணும் கனமே இல்ல இவ, பஞ்சு மாதிரி இருக்கா" என்று என்னிடமே சொன்னான். எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

மறுநாள் அவளுக்கு வாந்தி. மூச்சு வேகமாக வாங்கியது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு செய்தது. எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கோதுமை மணிகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மணியில் குமிழி ஒட்டினால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கான மந்திரத்தைச் சொல்ல வேண்டும். அன்று எல்லா மணியிலும் குமிழி ஒட்டியது. கிண்ணத்தைப் பிடித்திருந்தது நான். நகரத்தில் படித்துவிட்டு வந்த புது வாத்தியாரம்மா. படித்தவள் ஆயிற்றே, ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்தேன்.

டாக்டர் எங்கள் ஊருக்கு வியாழக்கிழமைதான் வருவார். அன்னிக்கா செவ்வாய்க்கிழமையே போய்விட்டாள். அவள் மூச்சில் கனிந்த ஆப்பிள் வாசம் வந்தது. வீட்டில் ஆப்பிளே கிடையாது. பக்கீசியோ அலமாரி அலமாரியாகத் திறந்து தேடினான், அவளுக்குத் தரலாம் என்று.

வியாழக்கிழமை வந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் வைத்தபடி வாசலிலேயே நின்றார். சர்க்கரை நோய் என்றார். குழந்தைகளுக்கு வருகிற வகை. அந்தத் தாகத்தை ஒரு வாரம் முன்னால் யாராவது தன் காதில் போட்டிருந்தால் இன்சுலின் கொடுத்திருக்கலாம் என்றார். பக்கீசியோ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் மூன்று வாய் ஊற்றின் தொட்டியில் பன்னிரண்டு கோலிகள் கிடந்தன. ஊரில் ஒரு பையன்கூட அவற்றை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் தங்கையைத் தன்னோடு வளர்த்தான். அப்படித்தான் சொல்ல வேண்டும். பாற்கட்டி காய்ச்சும்போதோ, வேலி கட்டும்போதோ திடீரென்று சொல்வான்: "டீச்சர், அன்னிக்காவுக்கு இந்த வருஷம் கண்ணாடி போட்டிருப்பாங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் முப்பத்தஞ்சுல கண்ணு மங்கும்." இன்னொரு வருடம், "அவ புருஷன்கூடச் சண்ட போட்டுட்டு இந்நேரம் இங்க வந்து ஒக்காந்திருப்பா" என்பான். அந்த இல்லாத மச்சானைத் திட்டவும் செய்வான். நான் என் பங்குக்கு, "எங்க ஊர்ப் பொண்ணுதானே, மீசைகூட முளைச்சிருக்கும்" என்பேன். அவன் சிரித்துவிட்டுச் சற்று நேரம் மலையைப் பார்ப்பான்.

தாமதமாகத்தான் கல்யாணம் செய்துகொண்டான். மனைவி கவீனா பக்கத்து ஊர். மெல்லிய மொறுமொறு ரொட்டி சுடுவதில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. ஒரே பெண் குழந்தை. அன்னிக்கா என்று பெயர் வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். "அந்தப் பேருக்கு ஆளு இருக்கு" என்றான். மிந்தோனியா என்று வைத்தார்கள்.

மிந்தோனியாவுக்கு ஆறு வயதானபோது, குழந்தைகளின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிற ஏற்பாடு எங்கள் பக்கம் வந்தது. சர்க்கரை நோய் வருவதற்கு முன்பே அதன் அடையாளம் ரத்தத்தில் தெரியுமாம். எங்கள் தீவில் அந்த நோய் அதிகம், அதனால் முதல் வரிசையில் நாங்கள். பக்கீசியோதான் ஊரிலேயே முதலில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனான். இல்லை என்று ஒரு காகிதம் வரும், அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றுதான் போனான்.

காகிதம் வரவில்லை, தொலைபேசி வந்தது. ஒரு சொட்டை வைத்து முடிவு சொல்ல மாட்டோம், நரம்பிலிருந்து இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

"டீச்சர், நீங்களும் வாங்க" என்றாள் கவீனா. "அங்க போனா அவனுக்குக் காது அடைச்சுக்கும். எனக்குக் கோவம் வரும். கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்."

நகரத்து டாக்டர் லேச்சிஸ் என்கிற பெண், எங்கள் மலைப் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பம். மிந்தோனியா வெளியே நர்சோடு படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கீசியோ உட்காரவே இல்லை.

"பொண்ணுக்குச் சர்க்கர இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"இல்ல."

"அப்புறம் எதுக்கு வரச் சொன்னீங்க?"

"அத ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. ஒக்காருங்க." அவன் உட்கார்ந்ததும் கேட்டாள்: "உங்ககிட்ட நாய் எத்தன?"

"நாலு."

"எதுக்கு வளக்கறீங்க?"

"நரி, திருட்டுப் பயலுக."

"எந்த நாயாவது சொந்த ஆட்டப் பாத்தே உறுமியிருக்கா?"

அவன் யோசித்தான். "ஒண்ணு இருந்துச்சு."

"ஒடம்பும் அப்படித்தான், கிருமிய வெரட்ட நாய் வளக்குது. சில பேருக்கு அந்த நாய் ஆள் தெரியாமச் சொந்த மந்தையப் பாத்து உறுமும். இன்சுலின் சுரக்கற செல்லுங்க வயித்துக்குள்ள ஒரு மந்தை மாதிரி. நாங்க ரத்தத்துல கண்டுபிடிச்ச ஆன்ட்டிபாடி அந்த உறுமல். அது கடி இல்ல, உறுமல்."

"ஒரு உறுமலா?"

"ஒண்ணு மட்டும் இருந்தா, பல கொழந்தைங்களுக்குத் தானா அடங்கிடும். இவளுக்கு ரெண்டு விதமா இருக்கு. ரெண்டு தடவ பாத்துட்டோம். ரெண்டு சேந்து உறுமினா பெரும்பாலும் அடங்காது. என்னிக்காவது மந்தை கொறையும், அப்ப இன்சுலின் போடணும். ஆனா இன்னிக்கு அவ சர்க்கர சரியா இருக்கு. எந்தக் கொறையும் இல்லாத கொழந்தை."

"என்னிக்கு?"

"தெரியாது. ரெண்டு வருஷமாவும் இருக்கலாம், பத்து வருஷமாவும் இருக்கலாம், அவ பிள்ளைங்களப் பெத்த பிறகாவும் இருக்கலாம்."

கவீனா குறுக்கே விழுந்தாள். "நான் தேன் ஊத்தின பாலாடைப் பணியாரம் செஞ்சு குடுத்தேன். வாராவாரம். அதனாலயா?"

"இல்லம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல. பணியாரத்த நிறுத்தறதால நிக்கப்போறதும் இல்ல. எல்லாக் கொழந்தையும் சாப்பிடறத அவளும் சாப்பிடட்டும், ஓடட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ இங்க கூட்டிட்டு வாங்க. நடுவுல தாகம் ரொம்ப வந்தா, அடிக்கடி ஒண்ணுக்குப் போனா, எளைச்சா, சோந்து படுத்தா, அன்னிக்கே ஃபோன் பண்ணுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" பக்கீசியோவின் குரல் உயர்ந்தது. "நிறுத்தவும் முடியாது, நாளும் சொல்ல முடியாது. அப்ப தெரிஞ்சுக்கிட்டு என்ன புண்ணியம்? தெரியாமலே இருந்திருக்கலாமே!"

டாக்டர் பேனாவை வைத்தாள். "தெரியாம வர்ற கொழந்தைங்களையும் நான் பாக்கறேன். மயங்கி, மூச்சு வாங்கிக்கிட்டு..."

"ஆப்பிள் வாசம்" என்றான் அவன்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்கு?"

"தங்கச்சி."

வெளியே மிந்தோனியா நர்ஸிடம், ஆட்டுக்கு நாலு கால்தான், ஐந்தாவது எதற்குப் போட்டாய் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ அப்படி வர மாட்டா" என்றாள் டாக்டர். "புண்ணியம் அதுதான்."

நான் கேட்பதற்காகப் போனவள், எல்லாவற்றையும் கேட்டேன். பக்கீசியோ கேட்டது ஒன்றே ஒன்று என்று பிறகுதான் தெரிந்தது: தாகம்.

மறுநாளே அவன் ஆலிவ் மரத்தில் ஒரு குச்சி ஒடித்தான். மிந்தோனியா ஒரு குவளை குடித்தால் கத்தியால் ஒரு வெட்டு. எங்கள் மேய்ப்பர்கள் ஆட்டுக்குட்டிகளை அப்படித்தான் எண்ணுவார்கள். ஒரு நாளுக்கு ஒரு வரிசை. பணியாரம் வீட்டை விட்டுப் போயிற்று. தேன் ஜாடி பரண் ஏறியது. அவள் ஓடினால் "மெதுவா" என்பான், உட்கார்ந்தால் "ஏன் சோந்திருக்க?" என்பான்.

"டாக்டர் சொன்னது என்ன, நீ செய்யறது என்ன?" என்று கவீனா கத்தினாள்.

"டாக்டர் மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாப்பா. நடுவுல தொண்ணூறு நாளு இருக்கே!"

நானும் போய்ச் சொன்னேன். "டீச்சர், நீங்க கிண்ணம் புடிச்ச ஆளு" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒர்தாலேயில் அது நடந்தது அதுதான் முதல் தடவை என்று என் எதிரிகள் சொல்வார்கள்.

கோடை வந்தது. எல்லா மேய்ப்பர்களும் மந்தையை மேல்மலைப் புல்லுக்கு ஓட்டினார்கள். பக்கீசியோ மட்டும் போகவில்லை. பெண்ணை விட்டு எப்படிப் போவான்? கீழே புல் கருகியது. அவனுடைய ஆடுகளுக்கு எலும்பு தெரிந்தது. ஊர் அதைப் பார்த்தது. ரொட்டி அடுப்புக்கு வருகிற பெண்களிடம் கவீனா ஒருநாள் பாதியைச் சொன்னாள். மீதிப் பாதியை ரொட்டியோடு சேர்த்து ஊரே சுட்டு எடுத்தது. மிந்தோனியாவின் ரத்தத்தில் நோய் இருக்கிறது என்று தொடங்கிய பேச்சு, குழந்தை இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது என்பதில் போய் நின்றது.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்கள். எங்கள் மலையில் ஒரு மேய்ப்பன் மந்தையை இழந்தால், தீயோ திருட்டோ வெள்ளமோ, மற்ற மேய்ப்பர்கள் ஆளுக்கு ஓர் ஆடு கொண்டுவந்து தருவார்கள். நல்ல இளம் பெட்டை ஆடாக. 'பராதூரா' என்று அதற்குப் பெயர். வாங்குகிறவன் நன்றி சொல்லக் கூடாது. வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. நாளைக்கு இன்னொருவன் இழக்கும்போது இவன் ஓர் ஆடு ஓட்டிப் போவான். அவ்வளவுதான் பேச்சு. இவ்வளவு பெரிய துக்கத்துக்கு வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தார்கள்.

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி வெயில். மேல்மலையிலிருந்து மணிச்சத்தம் இறங்கி வந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு மந்தைக்கும் மணிகளை ஒரே சுருதியில் சேர்த்துக் கட்டுவார்கள். குருடன்கூடக் காதால் மந்தையை அடையாளம் சொல்லிவிடுவான். அன்று வந்தது நாற்பது மந்தைகளின் நாற்பது மணிகள். ஒன்றோடொன்று சேரவில்லை. நாற்பது மாமியார்கள் ஒரே சமயத்தில் பேசுவதுபோல் இருந்தது.

பக்கீசியோ வாசலுக்கு வந்தான். தெரு நிறைய ஆண்கள், ஆளுக்கு ஓர் ஆடு. முன்னால் போபோரே மாமா, ஒற்றைக் கண் ஆட்டோடு.

"மாமா, என்ன இது?"

"வாய மூடிட்டு வாங்கிக்க."

"எனக்கு எதுக்கு..."

"வாய மூடுன்னு சொன்னேன்ல. முறை தெரியாதவனா நீ?"

பின்னாலிருந்து ஒருவர், "மாமா, பராதூராவுக்கு ஒத்தக் கண்ணு ஆட்டயா ஓட்டிட்டு வருவீங்க?" என்றார்.

"இருக்கற கண்ணால ஒன்னவிட நல்லாப் பாக்கும்டா."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் போபோரே மாமாவின் நக்கலுக்குச் சிரிக்காத கூட்டம் என்றால் அது சாவு வீட்டுக் கூட்டம்.

கதவு திறந்து மிந்தோனியா வந்தாள். மணிகளைக் கேட்டு வந்திருக்கிறாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது நம்ம மணி இல்லையே" என்றாள். "அப்பா, நம்ம ஆடெல்லாம் செத்துப்போச்சா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு எல்லாரும் ஆடு குடுக்கறாங்க? நம்மகிட்ட என்ன தொலஞ்சுபோச்சு?"

நாற்பது ஆண்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். தன்னைத்தான் தொலைந்துபோனதாக ஊர் நினைக்கிறது என்று ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது? போபோரே மாமா, பாவம், பேச்சை மாற்றப் பார்த்தார். தோளில் தொங்கிய சுரைக்குடுவையைத் திறந்து நீட்டினார்.

"வெயிலா இருக்கு, இந்தா கண்ணு, ஊத்துத் தண்ணி. குடி."

அவள் கை நீளவில்லை. உதடுகள் வெடித்துக் கிடந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். நாக்கால் அவற்றைத் தடவிக்கொண்டு அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். அங்கே குச்சியும் கத்தியும் செருகியிருந்தன.

"வேணாம் தாத்தா."

"ஏன்டா கண்ணு, தாகமா இல்ல?"

"தாகமாத்தான் இருக்கு. ஆனா நான் குடிச்சா அப்பா குச்சிய வெட்டுவாரு. குச்சி முடிஞ்சுபோச்சுன்னா நான் செத்துப்போயிருவேன்."

பக்கீசியோவின் முகத்தை நான் நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். அன்று அதில் வந்த முகத்தை அதற்குமுன் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். ஆப்பிளைத் தேடி அலமாரிகளைத் திறந்த பையனின் முகம் அது.

கவீனா உள்ளிருந்து, "வெட்டு கொறஞ்சுக்கிட்டே வருதுன்னு சந்தோஷப்பட்டியே, பாவி!" என்றாள். அழுதாளா திட்டினாளா என்று தெரியவில்லை. அவளுக்கு இரண்டும் ஒரே குரல்.

அவன் இடுப்பிலிருந்து குச்சியை உருவினான். பார்த்துக்கொண்டே நின்றான். வரிசை வரிசையாக வெட்டுகள். கடைசி வரிசையில் இரண்டே இரண்டு. அதைப் போபோரே மாமாவின் கையில் கொடுத்தான்.

"மாமா, ஆட்ட ஓட்டிட்டுப் போங்க. குச்சி இந்தாங்க."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

"பராதூராவ வேணாங்கறியா?" மாமாவின் மீசை துடித்தது. "எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேர்ந்து எவனும் வேணாம்னு சொன்னதில்ல."

"வேணாம்னு சொல்லல மாமா. தொலஞ்சா நானே ஒங்க வாசலுக்கு வந்து நிக்கறேன். ஒத்தக் கண்ணு ஆட்டையே வாங்கிக்கறேன்." அவன் மகளின் தலையில் கை வைத்தான். "இன்னிக்கு எதுவும் தொலையல. எண்ணிப் பாத்துட்டேன். எண்ணிக்க சரியா இருக்கு."

மாமா மிந்தோனியாவைப் பார்த்தார். அவளை எண்ணுவதுபோல மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு திரும்பி நின்று கத்தினார்: "என்னடா பாக்கறீங்க? எண்ணிக்க சரியா இருக்காம். ஓட்டுங்க!"

மணிகள் கலைந்து மலை ஏறின. பக்கீசியோ பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஒரு கணம் அப்படியே நின்றான். அவள் கனத்தைப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கனமாக இருந்திருக்க வேண்டும், நடக்கத் தொடங்கினான். நானும் பின்னால் போனேன். கூப்பிடவில்லைதான், ஆனால் கூப்பிட்ட இடத்துக்கு மட்டும் போகிற ஆள் கதை சொல்ல முடியுமா?

மூன்று வாய் ஊற்றுக்கு அவன் அந்தக் கோலிகளைப் போட்ட பிறகு போனதே இல்லை. மந்தையைக்கூடச் சுற்று வழியில்தான் ஓட்டுவான். அன்று நடுக்குழாய்க்கு எதிரே அவளை இறக்கிவிட்டான்.

"குடி."

"எத்தன?"

"ஒனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

"நீங்க எண்ணலையா?"

அவன் குனிந்து முதல் குழாயில் தன் வாயை வைத்தான். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் குடித்தார்கள். அவள் முகம், மூக்கு, சட்டை எல்லாம் தண்ணீர். நடுவில் நிறுத்தி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தான். பார்த்தால் எண்ணிவிடுவான்.

"அப்பா, மூணாவது கொழா யாருக்கு?"

"ஒன் அத்தைக்கு" என்றான். அதுவரை மகளிடம் சொல்லாத பெயரைச் சொன்னான். கோலிகளையும் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அத்தைக்கு ஏன் யாரும் மருந்து தரவில்லை என்று கேட்டாள்.

"எங்களுக்கு அப்பத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. போன தடவ போனப்ப டாக்டர் சொன்னாங்க. ரெண்டு நாயி உறுமுது. கடிச்சா ஊசி போடுவாங்க." சட்டையைப் பிழிந்தாள். "நம்ம பணியாரம் எப்ப செய்யலாம்?"

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரத்துக்குப் போகிறார்கள். இரண்டு நாய்களும் இன்னும் உறுமுகின்றன, மந்தை இன்னும் நிற்கிறது. நாளைக்கு என்ன என்று டாக்டருக்கும் தெரியாது. பக்கீசியோ கோடையில் மேல்மலைக்குப் போகிறான். போகும்போது கவீனாவிடம் தாகம், இளைப்பு, சோர்வு என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறான். அவள் "நாலாவது ஒண்ண மறந்துட்ட, ஒண்ணுக்கு" என்று தெரு கேட்கக் கத்துகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த ஆடுகளில் ஒன்று மட்டும் திரும்பிப் போகவில்லை. மாலையில் அவன் பட்டியை அடைக்கும்போது நூற்று முப்பத்தொன்று இருந்தது. ஒற்றைக் கண் ஆடு. போபோரே மாமாவிடம் கொண்டுபோனால், "இது எந்த ஊரு ஆடு? நான் பாத்ததே இல்லையே" என்கிறார். அதன் மணி இன்றுவரை மற்றவற்றோடு சேரவில்லை. அவனும் மாற்றவில்லை.

போன வாரம் ஊற்றருகே அவனைப் பார்த்தேன். மிந்தோனியா பள்ளித் தோழிகளோடு நடுக்குழாயில் முண்டியடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்காவுக்கு இந்த வருஷம் முட்டிவலி ஆரம்பிச்சிருக்கும் டீச்சர்" என்றான். "இந்த மேட்டுல ஏற முடியாம, அண்ணே கையப் புடின்னு கத்துவா."

"மீசைய விட்டுட்டியே" என்றேன்.

அவன் சிரித்தான். பின்னால் தண்ணீர்ச் சத்தமும் சிறுமிகளின் கூச்சலும். அவன் திரும்பவில்லை.

"அவ பத்தொம்பது குடிச்சா" என்றான். "அது எனக்கு எப்பவும் தெரியும். இவ இன்னிக்கு எத்தன குடிச்சான்னு தெரியல டீச்சர். சத்தியமாத் தெரியல."